‘டிகிரி வேண்டாம்’ என்று யார், யாரிடம் சொல்கிறார்கள்?

பட்டம் வெறும் காகிதம், திறமை இருந்தால் போதும், யூடியூபில் இல்லாத படிப்பா கல்லூரியில் இருக்கிறது என்கிற பேச்சு ரீல்ஸ் வழியாக இப்போது சேரிக்கும் வந்துவிட்டது. குடிநீர்க் குழாய் ஒழுங்காக வந்து சேராத தெருவுக்குக்கூட இது தினமும் வந்துவிடுகிறது. பேசுகிறவர் யாரென்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பொறியியலோ மேலாண்மையோ முடித்தவராக இருப்பார். அவருடைய அப்பாவும் பட்டதாரி, தாத்தாவும் பட்டதாரி. மூன்று தலைமுறையாகச் சான்றிதழ் சேர்த்த வீட்டில் ஒருவர் தன்னுடையதைத் தூக்கிப் போட்டாலும் கூரை இடிந்து விழாது.

மணலூர்பேட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தம்பி ஒருவர், தினமும் பேருந்தில் திருவண்ணாமலைக்குப் போய் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். போன மாதம் கல்லூரியை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். "டிகிரி முடிச்சி இன்னாண்ணா பண்ணப் போறோம்? எங்க அண்ணன் பி.எஸ்சி. முடிச்சிட்டு ஓசூர்ல கம்பெனிக்குத்தான போறான். நான் போன்லயே வெப் டிசைனிங் கத்துக்கிட்டு இருக்கேன்."

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க முடியாது. படித்தவருக்கு வேலை இல்லை என்பது அவர் வீட்டிலேயே கண்ணால் பார்க்கும் உண்மை. "நல்லாப் படி தம்பி, முன்னுக்கு வரலாம்" என்று அதற்குப் பதில் சொல்வது அவரை ஏமாற்றுவது. அவரிடம் நான் பேசியதையும், பேச நினைத்து விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். அவரைப் போல யோசிக்கிற தோழர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

முதலில் அந்த வீடியோக்களில் வரும் பெயர்கள். பில் கேட்ஸ் கல்லூரியை விட்டார் என்பார்கள். அவர் விட்டது ஹார்வர்டை. அதற்கு முன்பே, 1968-இல், அவர் படித்த தனியார் பள்ளியில் கணினி முனையம் இருந்தது. அன்றைக்கு அமெரிக்காவிலேயே பல கல்லூரிகளில் அது கிடையாது. பீட்டர் தீல் என்ற பெருமுதலாளி, கல்லூரியை விடும் இளைஞர்களுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல் தருகிறார். அவர் கையில் இருப்பதோ ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தத்துவப் பட்டமும் சட்டப் பட்டமும். கல்லூரியை விட்டால் ஒரு லட்சம் டாலர் தருகிறேன் என்று யாராவது நம் தம்பியிடம் வந்தால் நானே பெட்டியைக் கட்டிக்கொடுப்பேன். அவருக்கு யாரும் ஒரு பைசா தரவில்லை, 'விடு' என்கிற அறிவுரையை மட்டும் இலவசமாகத் தருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த அறிவுரைக்கு ஒரு பழைய பெயர் உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரம் பிள்ளை அப்பனோடு இருந்து அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். காகிதப் படிப்பைவிடக் கைத்தொழில் மேல் என்பதுதான் அன்றைக்கும் சொல்லப்பட்ட நியாயம். குயவர் பிள்ளை சக்கரத்துக்குப் போகும், பறையர் பிள்ளை பண்ணை வேலைக்குப் போகும். அர்ச்சகர் பிள்ளைக்கும் அதே மூன்று மணி நேரம்தான் என்றாலும், அது மீதி நேரத்தில் வீட்டில் கற்பதும் படிப்புதான். அதற்குக் குலக்கல்வி என்று சரியான பெயர் வைத்து, பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் இறங்கின. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

பழைய கதை என்று நினைத்தால், 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைப் பாருங்கள். பதினெட்டுக் கைத்தொழில்கள், கடன், பயிற்சி. குடும்ப வழியில் செய்துவரும் தொழில் என்ற நிபந்தனை இருந்தது. குறைந்தபட்ச வயது 18. அதாவது கல்லூரியில் இருக்க வேண்டிய வயது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை இப்படியே ஏற்க முடியாது என்று எழுதியது. அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லை, குறைந்தபட்ச வயதும் 35. சின்ன திருத்தம்போலத் தெரியும் அந்தப் பதினேழு வருடத்துக்குள்தான் ஒரு பட்டப்படிப்பும், பி.எட்.டும், இரண்டு மூன்று அரசுத் தேர்வுகளும் அடங்கியிருக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். பெரியாரின் பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளில் முடிந்தது. காமராஜர் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். கலைஞர் பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். மூவருமே தாமாகப் படித்து வளர்ந்தவர்கள். 'நான் படிக்காமலே ஜெயித்தேன், நீயும் பள்ளிக்குப் போகாதே' என்று மூவரில் ஒருவரும் சொன்னதில்லை. தங்களுக்கு மூடிக்கிடந்த கதவை அடுத்தவருக்குத் திறந்துவிடத்தான் பார்த்தார்கள். ஜோதிராவ் புலேயிடம் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற சாவித்திரிபாய், 1848-இல் புனேவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் போனார். கல்லூரிப் பட்டம் இல்லாத அயோத்திதாசர் 1907-இல் பத்திரிகை தொடங்கினார், பஞ்சமர் பள்ளிகளுக்காகவும் பாடுபட்டார். சுயமாகக் கற்றவர்களுக்குத்தான் பள்ளியின் அருமை தெரிந்திருக்கிறது.

ஏகலைவன் கதையை நம்மவர்கள் கட்டைவிரலோடு நிறுத்திவிடுகிறோம். சுயகற்றலுக்கு அவனைவிட நல்ல உதாரணம் கிடையாது. வித்தை முழுதாக அவனிடம் இருந்தது. உன்னை யார் சேர்த்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்குத்தான் அவனிடம் பதில் இல்லை.

தம்பிக்கு நான் இதை இன்னும் பச்சையாகச் சொன்னேன். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இந்த உரிமை எங்கே வேலை செய்யும்? மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் கேட்கிற வாசலில் மட்டும்தான் வேலை செய்யும். குரூப் 2 எழுத வேண்டுமானால் பட்டம் வேண்டும். பட்டதாரி ஆசிரியராகவும் பட்டம் வேண்டும், வங்கி அதிகாரி ஆகவும் பட்டம் வேண்டும். போனில் கற்ற வெப் டிசைனிங்குக்கு ரோஸ்டர் கிடையாது. 'எங்களுக்குத் திறமைதான் முக்கியம்' என்கிற தனியார் நிறுவனங்களின் கதையும் நமக்குத் தெரியும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று நிறுவனங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. பட்டம் இருந்தே இந்த நிலை. அதுவும் இல்லாமல் வெறும் கையோடு போய் நின்றால்?

இந்த ஊரில் இன்னொரு அனுபவமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். தைமாதத் தீர்த்தவாரிக்குக் கூட்டம் கூடி நிற்கும் அதே தென்பெண்ணை, கரை தாண்டி வந்தது. அன்றைக்கு என் அம்மா முதலில் தூக்கிக்கொண்டது எங்கள் சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் பையை. அரிசி மூட்டை அப்புறம்தான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். எங்களுக்கு நிலம் கிடையாது, வீட்டுக்குப் பட்டா கிடையாது. இந்தப் பை ஒன்றுதான் அரசாங்க முத்திரை போட்ட சொத்து. அதை 'வெறும் காகிதம்' என்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

சுயகற்றலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதற்கு ஒரு பெரிய பரிசோதனையே நடந்து முடிந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அத்தனை மாதமும் பிள்ளைகள் போனையும் தொலைக்காட்சியையும் வைத்துத் தாமாகப் படிக்க வேண்டும் என்றார்கள். தனி அறையும் மடிக்கணினியும் படித்த தாயும் இருந்த வீட்டில் அது நடந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு கரும்பு வெட்டப் போய்விடும். கல்வராயன் மலையில் போன் இருந்தாலும் சிக்னல் இல்லை. 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் கிடந்து, அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பள்ளிகளைப் பார்த்த மலை அது. முதல் தலைமுறையாகப் படிக்கும் மலைவாழ் பிள்ளைக்கு உண்டு உறைவிடப் பள்ளி மூடினால் பாடத்தோடு சேர்த்துச் சோறும் போய்விடுகிறது. பள்ளி திறந்தபோது அ, ஆ மறந்துபோன மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் மாலை வகுப்பில் பார்த்தோம். பள்ளியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வீடு. எந்த வீடு என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது.

அப்படியென்றால் கல்லூரி போதுமா? போதாது. வகுப்பறையில் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நான் படித்த இடத்தில் உதவித்தொகை வாங்குகிறவர்களை மட்டும் தனியாக எழுந்து நிற்கச் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் நம் வரலாறு ஒரு பத்திக்குள் முடிந்துவிடுகிறது. அதை அங்கே உட்கார்ந்துகொண்டே, வெளியே நாமாகத்தான் தேடிப் படிக்க வேண்டும். அம்பேத்கர் அப்படித்தான் செய்தார். கொலம்பியா, லண்டன் பட்டங்களையும் விடவில்லை, நூலகத்தையும் விடவில்லை. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும். பட்டம் சாதியை ஒழித்துவிடாது. ஆனால் பின்னாளில் வட்டமேசையில் அவர் பேச எழுந்தபோது, படிக்காதவர் என்று சொல்லி உட்கார வைக்க யாராலும் முடியவில்லை.

படிக்கும் பழக்கம் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படி, தனி இடத்தில் உட்கார், குறித்த நேரத்தில் படுத்துவிடு என்று ஒரு பட்டியல் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் தவறாமல் வாசிக்கப்படுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் வீடுகளில் விளக்கெரிவது கரும்புத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்டத்தான். பெண்பிள்ளை என்றால் தண்ணீர்க் குடமும் சேர்ந்துகொள்ளும். தனி இடம் என்றால் எங்கே? பம்பாய் பரேலில் அம்பேத்கர் குடும்பம் இருந்தது ஒற்றை அறை. இரவு இரண்டு மணி வரை அப்பா ராம்ஜி விழித்திருப்பார். பிறகு மகனை எழுப்பிப் படிக்க விட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். புத்தகம் வாங்க மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்தார். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறிய அந்தப் பையனின் 'நல்ல பழக்கத்துக்கு' பின்னால் ஒரு குடும்பமே தூக்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டது. ஒழுக்கமாகப் படிக்கவில்லை என்று ஒரு பிள்ளையைத் திட்டுவதற்கு முன்பு, அதற்குப் படுக்கவும் உட்காரவும் எத்தனை அடி இடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

மேசையும் நாற்காலியும் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நாங்கள் மாலை வகுப்பில் இதைத்தான் செய்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். தப்பாகச் சொன்னால் சின்னது சிரிக்கும். மறுநாள் பெரியது சரியாகப் படித்துவிட்டு வரும். எழுத்தை உருப்போட்டு ஒப்பிக்கும் பழக்கம் இதில் தானாகக் குறைகிறது. செலவு ஒன்றுமில்லை. கூட இன்னொரு பிள்ளை மட்டும் வேண்டும். அதனால்தான் சுயகற்றல் என்கிற சொல்லே எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தனியாக ஒருவர் போனோடு உட்கார்ந்து கற்பதை நான் நம்முடைய மரபாகப் பார்க்கவில்லை. இரவுப் பள்ளியும் படிப்பு வட்டமும்தான் நம் மரபு.

தம்பியிடம் வெப் டிசைனிங்கை விடச் சொல்லவில்லை. சனி, ஞாயிறுகளில் கற்கட்டும், எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகள் நான்கு பேருக்கும் சொல்லித்தரட்டும் என்று கேட்டிருக்கிறேன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாரா என்று விசாரித்தேன். வருமானச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அதோடு விட்டுவிட்டாராம். இப்படி ஒரு சான்றிதழால் நின்றுபோன படிப்புகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. தோழர்கள் தங்கள் ஊரில் கல்லூரி போகும் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். இ-சேவை மையத்துக்குக் கூடப் போய் நில்லுங்கள்.

எங்களுக்கு இப்போது தேவை ஒரு கூடம். தெருவிளக்கடியில் மழைக்காலத்தில் வகுப்பு நடத்த முடிவதில்லை. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டும் திறக்கிற சமுதாயக் கூடத்தை மாலை ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு ட்யூப் லைட்டும் ஒரு அலமாரியும் நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றும் எழுதியிருக்கிறோம். சாவி இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகிறோம்.