எங்கே பிடிச்ச எறா?

மீஞ்சூர் மார்க்கெட்டில் எறா வாங்க வருகிறவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறார்கள். "எங்க புடிச்சது?" கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா "பழவேற்காடும்மா" என்றால் குனிந்து ஒன்றிரண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பார்கள். எண்ணூர் என்று சொல்லிவிட்டால், "அய்யோ, அந்தச் சாம்பத் தண்ணி எறாவா?" என்று அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள். நகராதவர்கள் பாதி விலைக்குக் கேட்பார்கள். சமீபத்தில் ஒரு பெண்மணி, பேரனுக்குக் கொடுக்கப் போகிறேன், உண்மையைச் சொல் என்று சத்தியமே கேட்டார். அந்த அம்மாவும் செய்தார். "எங்க வூட்டுப் புள்ளைங்களும் இதத்தாம்மா துன்னுது" என்று சொல்லிக்கொண்டே தராசைத் தூக்கினார்.

பிள்ளைக்குக் கொடுக்கிற சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம். கேட்கத்தான் வேண்டும். என் ஆதங்கமெல்லாம், அந்தக் கேள்வியை நாம் இந்தக் கூடைக்கு முன்னால் மட்டும் கேட்கிறோமே என்பதுதான். கரண்ட் பில் கட்டும்போது கேட்பதில்லை. புது ஃபோன் வாங்கும்போது கேட்பதில்லை. வீடு கட்டக் கம்பி இறக்கும்போது கேட்பதில்லை. கழிமுகத்தைக் கெடுத்தவர்கள் யார் யாரோ. சத்தியம் செய்ய வேண்டியவர் மட்டும் எறா விற்கிற அம்மா!

மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் போனால் அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். வட சென்னை அனல் மின் நிலையம் 1994-இல் ஓடத் தொடங்கியது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் நிலை 800. பக்கத்திலேயே வல்லூரில் என்டிபிசியும் தமிழக மின்வாரியமும் சேர்ந்து கட்டிய 1,500 மெகாவாட் நிலையம். பெயரில் சென்னை இருந்தாலும் இவை எல்லாம் நிற்பது திருவள்ளூர் மாவட்டத்து மண்ணில்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமாராக 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், சாம்பல்தான். இலவசம் என்று பில்லில் கழித்துக்கொடுக்கிறார்களே நூறு யூனிட், அது முழுக்க நிலக்கரியில் வந்தால் ஏறக்குறைய ஓர் அரிசிச் சிப்பம் அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். வீட்டுக்கு ஒரு சிப்பம் என்று மின்வாரியம் நம் வாசலில் கொண்டுவந்து இறக்கினால் தெரு முழுக்க மறியலுக்கு உட்கார்ந்துவிடுவோம். இறக்கவில்லை. தண்ணீரில் கலந்து குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டிப் போகிறது. அது வெடிப்பதும், ஆற்றில் சாம்பல் கொட்டுவதும், ஒட்டுப் போடுவதும், மறுபடி வெடிப்பதும் எண்ணூர்ப் பக்கத்து மீனவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் அறிவிப்பு வந்தது 1999-இல். துருப்பிடித்த குழாயை மாற்றுங்கள் என்று மீனவர்கள் மன்றாடி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2022-இல்தான் விரிவான உத்தரவு வந்தது. ஒரு குழாயை ஒழுங்காகப் போடுவதற்கு இத்தனை வருடம் ஆகும் என்றால், அந்தத் தண்ணீரில் நின்று பிழைக்கிறவர்களை யாரும் கணக்கிலேயே வைக்கவில்லை என்றுதானே பொருள்?

அவர்கள் எப்படி எறா பிடிக்கிறார்கள் என்று ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். இருளர் குடும்பங்களில் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்கிறார்கள். பறிக் கூடையின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கைக்கும் வேலை இருப்பதால். பகலில் எறா சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். விரலில் பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். சேறு மிருதுவாக இருந்தால்தான் எறாவும் புதையும், விரலும் போகும். சாம்பல் படிந்து இறுகிப்போன இடத்தில் இரண்டுமே நடக்காது. படகு போன வாய்க்காலில் இப்போது நடந்து போகலாம் என்று எண்ணூர்ப் பக்கத்துக் காட்டுக்குப்பத்தில் சொல்கிறார்கள். அவ்வளவு தூர்ந்திருக்கிறது.

சாம்பல் போதாது என்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை வந்து படர்ந்தது. கறுத்த எண்ணெயைக் குவளையால் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் மீனவர்கள். கையுறைகூட இல்லாமல் பலர் அதைச் செய்ததைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. நாட்டில் எத்தனை தொழில்நுட்பம் வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். எண்ணெய் கொட்டினால் அள்ள வந்தது பிளாஸ்டிக் குவளை! அரசு அறிவித்த நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000. எண்ணெய் பூசிய வலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினாலே அது எந்த மூலைக்கு?

பழவேற்காடு என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் ஒரே உப்பங்கழித் தொடர். நடுவில் சுவர் கிடையாது. காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் தென் அமெரிக்கச் சிப்பி, கப்பல்களின் அடித்தண்ணீரோடு வந்தது என்று கருதப்படுவது, எண்ணூரில் சேற்றை மூடிப் பாய் விரித்த மாதிரி படர்ந்து, அங்கிருந்து பழவேற்காட்டுப் பக்கமும் ஏறியிருக்கிறது. அது மூடிய இடத்தில் எறா தங்காது. காலை வைத்தால் கிழிக்கும். ஆகவே கூடைக்குக் கூடை தாவி நாம் தேடும் சுத்தமான எறா என்பது, கழிமுகம் முழுவதையும் காப்பாற்றாமல் கிடைக்கப் போவதில்லை.

பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறை ஒன்று இருக்கிறது. ஏரியில் நல்ல வளமான இடம் எது, அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று எனக்கு நல்ல இடம் என்றால் நாளை உனக்கு. பெரிய படகு வைத்திருக்கிறேன் என்பதற்காக ஒருவரே எல்லா நாளும் அங்கே வலை கட்டிவிட முடியாது. அதற்குள்ளும் யாருக்குப் பாடு உண்டு, யாருக்கு இல்லை என்ற சாதிச் சச்சரவுகள் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இவ்வளவு போதும் என்று ஒரு கோடு அதில் இருக்கிறது. அதே கரையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பாருங்கள். 2018-இல் அதானி குழுமம் வாங்கியபோது சுமார் 330 ஏக்கர். விரிவாக்கத் திட்டம் கேட்டது 6,110 ஏக்கர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடலையே தூர்த்து எடுப்பது. இருக்கிற இடத்தைப் போல் பதினெட்டு மடங்கு! எந்தப் பசிக்கு இது?

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கதை வேறு மாதிரி. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்கள் ராத்திரியில்தான் அதிகம் புகைகின்றன. காலையில் மொட்டை மாடியில் கால் வைத்தால் பாதம் கறுப்பு. என் மனைவி மாடியில் வடாம் பிழிவதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. மாவைத் துணியில் ஊற்றிக் காயவைத்து மாலையில் எடுத்தால், மேலே மிளகுப்பொடி தூவின மாதிரி கரித்தூள் ஒட்டியிருக்கும். தட்டினால் போகாது. அழுத்தித் துடைத்தால் மாவுக்குள் இழுசிக்கொள்ளும். இப்போது கடை வத்தல்தான். இங்கே அந்தோணி பிள்ளை நகரில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் இருக்கிறது. மணிக்கு மணி அளவு ஃபோனிலேயே தெரியும். தெரிந்து என்ன? ஒரு ராத்திரி மூச்சு முட்டியபோது சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் ஃபோன் போட்டேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "எந்தக் கம்பெனி புகைன்னு குறிப்பிட்டுச் சொல்லுங்க சார், ஆக்‌ஷன் எடுக்கறோம்." நடுராத்திரியில், இத்தனை புகைபோக்கிக்கு நடுவே, என் வீட்டுக்குள் வந்த புகை யாருடையது என்று நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம். சொல்ல முடியாததால் புகார் அதோடு முடிந்தது. அங்கே உருகுகிற இரும்புதான் கம்பியாகி சென்னையின் அடுக்குமாடிகளுக்குப் போகிறது. அந்த அடுக்குமாடியில் குடியேறுகிறவர்தான் ஆர்கானிக் கடையில் நின்று, இந்தக் கீரை எந்தத் தோட்டத்துக் கீரை என்று கேட்கிறார்.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஐஃபோனில் இருக்கும் ஒவ்வொரு உதிரிப் பாகமும் எந்த நாட்டில், எந்த ஆலையில் செய்தது என்று ஆப்பிளுக்குத் தெரியும். ஆனால் 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் அந்த ஃபோனைக் கோத்த பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் நூற்றுக்கணக்கில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் விழுந்தார்கள். 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிகளின் சமையற்கட்டையும் படுக்கை அறையையும் உலகம் எட்டிப் பார்த்தது. மாதக் கடைசியில் ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. திருகாணிக்கு இருந்த விசாரணை, இருபது வயதுப் பெண்ணின் தட்டில் விழுந்த சோற்றுக்கு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தேர்வாய்கண்டிகை கிராமத்தின் கதையையும் சொல்ல வேண்டும். ஊர் மாடும் ஆடும் மேய்ந்த, பெரும்பாலும் தலித் மக்கள் பேணிய 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் காடு சிப்காட் ஆனது. மிஷெலின் டயர் ஆலை அங்கேதான் வந்தது. போராடினார்கள், பிரான்ஸ் வரை புகார் கொண்டுபோனார்கள். காடு திரும்பவில்லை. பக்கத்திலேயே சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்க ஒரு நீர்த்தேக்கம் 2020-இல் திறந்தார்கள். பாலும் போய், தண்ணீரும் பட்டணத்துக்குப் போய்விட்டது.

இதற்கெல்லாம் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. அனல் மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவியைப் பொருத்தச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது 2015 டிசம்பரில். இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். பிறகு 2022 என்றார்கள், 2024 என்றார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களை ஒட்டிய நிலையங்களுக்கு இப்போது 2027 இறுதி. நாட்டின் மற்ற பெரும்பாலான நிலையங்களுக்கு 2025-இல் அந்தக் கட்டாயமே தளர்ந்துவிட்டது. நாம் கரண்ட் பில்லை ஒரு நாள் தாண்டிக் கட்டினால் அபராதம், தொடர்ந்து கட்டாவிட்டால் ஃபியூஸ் பிடுங்கல். கந்தகத்துக்கு மட்டும் பன்னிரண்டு வருடத் தவணை.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஃபேன் ஓட வேண்டும். அம்பத்தூரில் ராப்பகலாக ஓடும் தகவல் மையங்களுக்கும் கரண்ட் வேண்டும்தான். சாம்பலை உலர்வாகவே எடுத்து அனுப்பவும், குழாயை மாற்றவும், கந்தகத்தைப் பிரிக்கவும், எண்ணெயைத் தடுப்பு போட்டு நிறுத்தவும் தெரிந்த வழி இருக்கிறது. செலவாகும். அந்தச் செலவை யூனிட் விலையில் எழுதாமல் எறா விலையில் கழிக்கிறார்கள். நாமும் பாதி விலைக்குக் கேட்டு அதில் கூட்டுச் சேர்கிறோம்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டமும், 2023 செப்டம்பரில் அறிவித்த கூட்டமும் எதிர்ப்புக்குப் பின் தள்ளிப்போயின. எதிர்த்து நின்றது பெரும்பாலும் குப்பத்து மக்கள். எறா தின்கிற, சுவிட்சு போடுகிற மற்றவர்கள் வரவில்லை. இப்படி ஒரு கூட்டம் நடத்த வேண்டுமென்றால் முப்பது நாளுக்கு முன்பே நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் வைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் நேரில் பேசலாம், அக்கறையுள்ள மற்றவர்கள் எழுதி அனுப்பலாம். மீஞ்சூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிறவர்கள் அடுத்த விளம்பரம் வரும்போது அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படித்து, சாம்பல் எங்கே போகும், மணல் எங்கே கொட்டுவார்கள், முகத்துவாரம் அடைத்தால் யார் வெட்டுவது என்று எழுதிக் கொடுங்கள். அப்படிப் பதிவாகும் கேள்விகளுக்கு இறுதி அறிக்கையில் கம்பெனி பதில் எழுதியாக வேண்டும். 2006-ஆம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அது விதியாகவே இருக்கிறது.