நடுநிலை யார் பக்கம்?

“கள்ளத் தொடர்பில் கர்ப்பம், கருவைக் கலைத்த பெண் பலி” என்ற மாதிரித் தலைப்பை நமது வாசகத் தோழர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். மூலக்குளம் டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு பெண் ரத்தம் போய்ச் செத்திருக்கிறாள். கர்ப்பம் எத்தனை மாதம்? கலைத்தது டாக்டரா, போலி வைத்தியரா? முதலில் அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள், அங்கே என்ன சொல்லி அனுப்பினார்கள்? செய்தியில் இவை ஒன்றும் கிடையாது. அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. கேட்டால், “எங்களுடையது நடுநிலைப் பத்திரிகை. நடந்ததைப் போடுகிறோம்” என்கிறார்கள்.

நடந்ததை முழுதும் போட்டால் நமக்கு ஆட்சேபம் இல்லை. பாதியை மறைத்துவிட்டு மீதிக்குச் சாயம் பூசுவதற்கு நடுநிலை என்று பெயரா?

சொல்லுக்காக ஏன் இவ்வளவு சண்டை, கூலிப் பிரச்னை இல்லையா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இந்த விஷயத்தில் சொல்தான் ஒரு பெண்ணின் உயிரைத் தீர்மானிக்கிறது. கர்ப்பத்தைக் கலைப்பதே குற்றம், போலீஸ் பிடிக்கும் என்று நம்புகிற நாற்று நடும் பெண், ஏழாவது வாரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள். மறைத்து மறைத்து நாலாம் மாதத்தில் எருக்கங்குச்சிக்காரியிடம் போவாள். அல்லது யாரோ கொடுத்த மாத்திரையை, என்ன, எவ்வளவு என்று தெரியாமல் விழுங்குவாள். அந்த நம்பிக்கையை அவளுக்கு ஊட்டியது யார்?

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, பெண்ணின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தாலொழிய, கருவைக் கலைப்பது குற்றம் என்றது. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி. (நமது புதுச்சேரிக்கு அந்தச் சட்டம் பிரெஞ்சு ஆட்சி போன பிறகுதான் வந்தது.) இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவிலும் அதே குற்றம் இருக்கிறது. ஆனால் 1971-ல் பாராளுமன்றம் கொண்டுவந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இதற்கு ஒரு வாசலைத் திறந்தது. 2021-ல் அது திருத்தப்பட்டது. இருபது வாரம் வரை தகுதியுள்ள ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். இருபது முதல் இருபத்துநாலு வாரம் வரை, பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் முதலிய சிலருக்கு இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயம் வேண்டும். வயதுவந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். புருஷனின் கையெழுத்து வேண்டியதில்லை. கல்யாணமாகாதவள் என்பதற்காக இருபத்துநாலு வார வரம்பிலிருந்து ஒருத்தியை ஒதுக்கக்கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

சட்டம் பூரணமானது என்று நாம் சொல்லவில்லை. பெண் கேட்டாலே கொடுக்க வேண்டிய உரிமையாக அது எழுதப்படவில்லை. கடைசிச் சொல் டாக்டரிடம்தான் இருக்கிறது. இருந்தாலும், ஐம்பது வருஷத்துக்கு மேலாக நாட்டில் இருக்கும் ஒரு சட்டத்தை வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் எத்தனை பேர் அறிவார்கள்? தினம் பன்னிரண்டு பக்கம் அச்சடிக்கும் பத்திரிகை அதற்கு எத்தனை அங்குலம் ஒதுக்கியிருக்கிறது?

இன்னொன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. கலைத்துக்கொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி உரியவர் தவிர வேறெவருக்கும் டாக்டர் வெளியிட்டால் ஒரு வருஷம் வரை சிறை. டாக்டரின் வாயைக் கட்டிய சட்டம் அது. பத்திரிகையோ அவள் தெருவையும், ஜாதியையும், புருஷன் செய்யும் வேலையையும் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் ‘மாற்றி’ விடுகிறது!

“கருக்கலைப்பு ஆபத்தானது” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு நடுநிலையான, அக்கறையான வாக்கியம். எந்தக் கருக்கலைப்பு? 1998 முதல் 2005 வரை அமெரிக்காவில் நடந்த மரணங்களைக் கணக்கிட்டு 2012-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று உண்டு. உயிரோடு பிறந்த குழந்தைகள் ஒரு லட்சத்துக்குத் தாய்மார் 8.8 பேர் இறந்தார்கள். சட்டப்படி செய்த கருக்கலைப்பு ஒரு லட்சத்துக்கு இறந்தவர்கள் 0.6 பேர். அதாவது உரிய காலத்தில் உரிய கையால் செய்தால், கருக்கலைப்பு பிரசவத்தைவிடப் பல மடங்கு ஆபத்துக் குறைந்தது. எருக்கங்குச்சி, துருப்பிடித்த கருவி, அளவு தெரியாத மாத்திரை, கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருப்பதைப் பார்க்காமலே கொடுத்த மருந்து ஆகியவைதான் கொல்லுகின்றன. வாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஆகவே செய்தியில் வரவேண்டிய சொல் ‘பாதுகாப்பற்ற’ என்பது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் பழி போலி வைத்தியனை விட்டு, கைவிரித்த ஆஸ்பத்திரியை விட்டு, செத்தவள் தலையில் விழுகிறது.

2015-ல் இந்தியாவில் ஒரு கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக 2018-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை கால்வாசி கூட இல்லை. முக்கால்வாசிக்கு அருகில் ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. இவ்வளவு பெண்கள் வெளியே நிற்பதைச் செய்தியாக எழுத எந்த நிருபரும் வரவில்லை.

அடுத்து, ‘கருக்கொலை’ என்ற சொல். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த பெண் குழந்தைகள் கொல்லப்பட்டது 1986-ல் நாடெங்கும் செய்தியாயிற்று. அது கொலை, சந்தேகமே இல்லை. ஸ்கேன் செய்து பெண் என்று கண்டு கலைப்பதற்கு, அந்தப் பரிசோதனை வியாபாரத்தைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டம் வந்தது. அதையும் நாம் வன்மையாக எதிர்க்கிறோம். ஆனால் மூன்றாவது குழந்தைக்குக் கஞ்சி ஊற்ற வழியில்லாமல் எட்டாவது வாரத்தில் டாக்டரிடம் வரும் தாய் இந்த இரண்டிலும் சேர்ந்தவளா? மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிப் போட்டுவிட்டார்கள். சுவரொட்டி அப்படி, தலைப்பு அப்படி, மேடைப் பேச்சும் அப்படி. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளைப் பெற்று மனநோயில் வாடிய ஒரு தாயின் இருபத்தாறு வாரக் கர்ப்பம் சுப்ரீம் கோர்ட் முன் வந்தபோது, ‘பிறக்காத குழந்தையின் உரிமை’ என்ற பேச்சு நீதிபதிகள் ஆசனத்திலேயே எழுந்தது. முதலில் கொடுத்த அனுமதி கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. அந்த வழக்கின் நியாயம் எப்படியிருந்தாலும், கரு என்பதற்கும் குழந்தை என்பதற்கும் நடுவே டாக்டர்கள் வைத்திருக்கும் கோட்டைப் பேனா அழிக்கக்கூடாது.

பிரசவத்தைப் பற்றி எழுதும்போது சாயம் மறுபக்கம் திரும்பிவிடுகிறது. கத்தி வைக்காமல் பிறந்தால் ‘சுகப் பிரசவம்’! இரண்டு நாள் வலியில் துடித்து, கிழிந்து தையல் போட்டு எழுந்தவளைக் கேட்டுப் பாருங்கள், அது என்ன சுகமென்று. சொல் இனிப்பாக இருப்பதால் அதன் பின்னே நிற்கும் ஆபத்து தெரிவதில்லை. 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மாரும், தமிழ்நாட்டில் 54 பேரும், கேரளத்தில் 19 பேரும் இறந்தார்கள். இந்த வித்தியாசத்தை உண்டாக்கியவை ஆஸ்பத்திரி, நர்ஸ், ரத்தம், ஆம்புலன்ஸ்.

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளந்தாய், இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. இம்மாதிரிச் சமயங்களில் ‘நடுநிலை’ என்ன செய்கிறது? முப்பது வருஷம் பிரசவம் பார்த்த டாக்டரை ஒரு நாற்காலியிலும், கர்ப்பப்பையைப் படத்தில் மட்டும் பார்த்த ‘இயற்கை’ வைத்தியரை எதிர் நாற்காலியிலும் உட்கார வைத்து, இருவருக்கும் சரிபாதி நேரம் கொடுக்கிறது. குழந்தை பிறந்த உடனே போடும் ஆக்ஸிடோசின் ஊசி ரத்தப்போக்கைத் தடுக்கும் என்பது அபிப்பிராயம் அல்ல, நிரூபணமான உண்மை. உண்மைக்கும் புரளிக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் புரளிக்குப் பாதி இடம் கொடுத்தவனாகிறான்.

கடல் கடந்த ஓர் உதாரணமும் சொல்ல வேண்டும். பெல்காமைச் சேர்ந்த பல் டாக்டர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகர ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பதினேழு வாரக் கர்ப்பம். கரு தங்காது என்று டாக்டர்களுக்கே தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, இந்த நாட்டில் முடியாது என்று மறுத்தார்கள். ரத்தத்தில் விஷம் பரவி அக்டோபர் 28-ல் இறந்தார். அங்கே ஒரு பத்திரிகை இதை முழுதாக எழுதியது. ஒழுக்கப் பிரசங்கம் செய்யாமல், எந்த நாள், யார் என்ன சொன்னார்கள் என்று வெளியிட்டது. ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். 2018 மே 25-ல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 66 பேர் பழைய தடையை நீக்க ஓட்டுப் போட்டார்கள்.

கருக்கலைப்பு பாவம் என்று ஒருவர் நம்பலாம். அந்த நம்பிக்கையோடு அவர் தம் பெயரைப் போட்டுக் கட்டுரை எழுதட்டும். பதில் சொல்ல நாம் இருக்கிறோம். செய்திக்குள் அதை ஒளித்து வைக்கக்கூடாது என்பதுதான் நம் கட்சி. தமிழில் சொல் பஞ்சம் என்ற சாக்கும் செல்லாது. 1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி ‘குடி அரசு’ ஏட்டில் ஒளிவு மறைவின்றி எழுதியவர் பெரியார்.

மில் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை. கருச்சிதைவு ஏற்பட்டாலும், சட்டப்படி கர்ப்பத்தைக் கலைத்துக்கொண்டாலும் சம்பளத்துடன் ஆறு வார லீவு என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த உரிமை. இன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. தொழிற் சட்டம் இதை உழைப்பவளின் உடல்நல விஷயம் என்று எழுதியிருக்கும்போது பத்திரிகை கிரைம் பக்கத்தில் போடுவானேன்? களையெடுக்கும் பெண்ணுக்கோ இந்த ஆறு வாரமும் இல்லை. மறுநாளே சேற்றில் இறங்க வேண்டும். அந்தக் கோரிக்கை தனியாக நிற்கிறது.

எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் ஆஸ்பத்திரியிலும், கரிக்கலாம்பாக்கம், மண்ணாடிப்பட்டு சமுதாய நல மையங்களிலும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், எத்தனை வாரம் வரை, யாருடைய சம்மதத்தின் பேரில், எங்கே இது செய்யப்படும் என்று தமிழில் பலகை எழுதி வைக்கும்படி சர்க்காரைக் கோருகிறோம். இது மாதர் தோழர்களின் வேலை மட்டும் அல்ல. சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் மனுக் கொடுக்க வேண்டும். பத்திரிகைகளில் ‘கள்ள’ என்றும் ‘கொலை’ என்றும் தலைப்பு வந்தால் கத்தரித்து, தேதி குறித்து, சங்க ஆபீசில் சேர்த்து வையுங்கள். அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர்களை நேரிலேயே போய்ப் பார்ப்போம்.