வேகத்துக்கு உத்தரவாதம் உண்டா?

குடும்பத்தோடு கோயிலுக்கும் போகலாம், நெடுஞ்சாலையில் பந்தயக் காரையும் துரத்தலாம். நான்கு கதவு ‘ஸ்போர்ட்ஸ் செடான்’களை விற்பவர்கள் சொல்வதன் சாரம் இதுதான். வாங்குபவர்களுக்கோ குதிரைசக்தி எவ்வளவு, 100 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை விநாடி என்பதெல்லாம் மனப்பாடம். உத்தரவாதப் புத்தகத்தை மட்டும் யாரும் பிரிப்பதில்லை, எஞ்சினுக்குள் முதல் ‘டொக் டொக்’ கேட்கும்வரை.

அந்தச் சத்தத்துக்கு மோட்டார் உலகில் ஒரு சரித்திரமே உண்டு. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் 2005 முதல் 2010 வரை தயாரித்த எம்5 செடானில் 10 சிலிண்டர்கள், 507 குதிரைசக்தி. எஞ்சின் நிமிடத்துக்கு 8,250 முறைவரை சுழலும். விநாடிக்கு 137 தடவைக்கு மேல். பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டைப் பற்றியிருக்கும் இடத்தில் மெல்லிய பேரிங் பட்டைகள். உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது ஒரு எண்ணெய்ப் படலம் மட்டுமே. காலையில் சாவியைத் திருப்பிய கையோடு ஆக்ஸிலேட்டரை மிதித்தால், குளிர்ந்து கெட்டியாக இருக்கும் எண்ணெய் அந்த இடுக்கில் சரியாக ஓடாது. பேரிங் தேயும். தேய்ந்த பேரிங் ஒரு நாள் சுழன்றுகொண்டால் எஞ்சினே போச்சு. இதற்காகவே இந்தக் காரின் சுழற்சிமானியில், எண்ணெய் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும் விளக்குகளை வைத்திருந்தார்கள். விளக்கு எரியும் எல்லைக்குள் முள் போகக் கூடாது என்று அர்த்தம். அவசரக்காரர்கள் விளக்கையா பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் தவறு எப்போதும் ஓட்டுபவருடையது அல்ல. எம்5க்கு முன்னால் வந்த இரண்டு கதவு எம்3 அதற்குச் சாட்சி. அமெரிக்காவில் விற்ற 2001-03 மாடல்களில் இதே பேரிங் பழுது எஞ்சின்களைக் காவு வாங்கியது. நிறுவனம் கார்களைத் திரும்ப வரவழைத்து பேரிங்குகளை மாற்றிக் கொடுத்ததோடு, 4 ஆண்டு அல்லது 50,000 மைல் என்றிருந்த உத்தரவாதத்தை எஞ்சினுக்கு மட்டும் 6 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டித்தது. கைவிட்டுவிடவில்லை என்பது உண்மை. அதே சமயம், பின்னால் வந்த எம்5 உரிமையாளர்களில் பலர் சத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை. நல்ல நிலையில் ஓடும் காரின் பேரிங்குகளை முன்னெச்சரிக்கையாகத் தங்கள் செலவிலேயே மாற்றிவிடுகிறார்கள். வேறு எந்தப் பொருளை வாங்கியவர்களுக்கு இப்படியொரு பொறுமை இருக்கும் என்று தெரியவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 2021இல் பிஎம்டபிள்யூவின் எம்340ஐ செடான் சென்னைக்கு அருகிலுள்ள அந்த நிறுவனத்தின் ஆலையிலேயே தயாரானது. 387 குதிரைசக்தி, 100 கி.மீ. வேகத்துக்கு 4.4 விநாடி, அறிமுக விலை சுமார் 63 லட்ச ரூபாய். இந்த நிறுவனம் இங்கே வழக்கமாகத் தந்துவந்த உத்தரவாதம் 2 ஆண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு கொடுத்து நீட்டித்துக்கொள்ள வேண்டும். நீட்டித்தாலும் பிரேக் பேட், கிளட்ச், டயர் போன்ற தேயும் பாகங்கள் இதில் சேராது. தாழ்வான இந்தக் கார்கள் பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் நெளிந்தால் அதுவும் சேராது. மழைத் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்தால் அது உற்பத்திக் குறை அல்ல. இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு சேர்த்திருந்தால் மட்டுமே பணம் வரும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மழையிலும் சென்னைக்காரர்கள் பலர் அறிந்துகொண்ட உண்மை இது.

உரிமையாளர்கள் தாங்களாகத் தேடிக்கொள்ளும் வம்பு வேறு. ஸ்கோடா நிறுவனம் 2020இல் ஆக்டேவியா ஆர்எஸ் 245 செடானில் 200 கார்களை மட்டும் இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. 245 குதிரைசக்தி போதாதென்று எஞ்சினின் கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றி இன்னும் ஐம்பது அறுபதைக் கூட்டிக்கொள்ளும் ‘ரீமேப்’ மோகம் இத்தகைய கார்களைச் சுற்றி எப்போதும் உண்டு. ஸ்கோடா அங்கம் வகிக்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சர்வீஸ் நிலையக் கருவியில் காரைப் பொருத்தினால் மாற்றிய மென்பொருளைக் கண்டுபிடித்துவிடும். அந்தக் காரின் பெயருக்கு நேரே நிறுவனத்தின் பதிவேட்டில் ‘டிடி1’ என்று குறி விழும். அதன் பிறகு எஞ்சினுக்கோ கியர் பாக்ஸுக்கோ உத்தரவாதம் கேட்டுப் போனால் கையை விரித்துவிடுவார்கள். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு அப்பாவியாகப் போய் நிற்பதும் பெரும்பாலும் பலிப்பதில்லை. எத்தனை முறை எல்லை மீறிச் சுழன்றது என்பதுவரை குறித்துவைத்துக்கொள்ளும் எஞ்சின் கம்ப்யூட்டர்களும் உண்டு. சொந்தக் காரே எதிர்த்தரப்பு சாட்சி.

ரீமேப்பும் இல்லை, ரேஸும் ஓட்டவில்லை, ஆனாலும் கார் திரும்பத் திரும்பப் பழுதாகிறது என்றால்? அமெரிக்க மாநிலங்களில் பழுதான புதுக் காரைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் செய்யும் தனிச் சட்டங்கள் உண்டு. கனெக்டிகட் மாநிலம் 1982இல் தொடங்கிவைத்தது. இந்தியாவில் காருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. மாருதி வழக்கு ஒன்றில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: உத்தரவாத விதி பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகச் சொன்னால் பாகத்தைத்தான் கேட்கலாம், முழு காரை அல்ல. 60 லட்சம் கொடுத்தவருக்கும் 6 லட்சம் கொடுத்தவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

விதிவிலக்காக ஒரு வழக்கு 2024 ஜூலையில் முடிந்தது. 2009 செப்டம்பரில் ஒரு நிறுவனம் வாங்கிய பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் (ஸ்போர்ட்ஸ் செடான் அல்ல, சொகுசு செடான்) நான்காம் நாளே மக்கர் செய்தது. நவம்பரில் மறுபடியும். மோசடி என்று கிரிமினல் புகார் பதிவானது. 2012இல் உயர் நீதிமன்றம் புகாரை ரத்து செய்து, புதுக் கார் தரச் சொன்னது. தயாரிப்பாளர் தயார் என்றார், வாங்கியவர் ஏற்கவில்லை. கடைசியில் 50 லட்ச ரூபாய் கொடுத்து விவகாரத்தை முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இடையில் கழிந்தது ஏறக்குறைய 15 ஆண்டு.

அதே மாதம் மெர்சிடஸ் கார் வழக்கில் வந்த இன்னொரு தீர்ப்பு இத்தகைய கார்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் உபயோகமானது. கம்பெனி பெயரில் வாங்கினாலும், இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கான கார் ‘வணிக நோக்கம்’ ஆகாது. அதாவது நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடிவரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியில் தேசிய ஆணையம். கெடு, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு. முதல் நாள் சத்தம் கேட்டதற்கான அத்தாட்சி சர்வீஸ் நிலையத்தின் ஜாப் கார்டுதான். ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று அங்கே வாயால் சொல்வதை அதில் எழுதி வாங்கிக்கொண்டு வருபவர்கள் குறைவு.