காய்க்கு 20 லிட்டர், கொடிக்கு 500 லிட்டர்

2025 அக்டோபர் 4 அன்று இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் தராசில் ஏறிய ஒரு பூசணி 1,278 கிலோவைத் தாண்டியது. பசுமைக் குடிலுக்குள் அதை வளர்த்தவர்கள் இயன், ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள். அதற்கு முந்தைய உலக சாதனை, 2023-இல் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டிக்கு டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்த 1,247 கிலோ பூசணி. இத்தகைய போட்டிகளுக்கு இன்று வரும் காய்கள் ஏறக்குறைய எல்லாமே, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற உழவர் பல ஆண்டுகள் தேர்ந்து தேர்ந்து உருவாக்கிய ‘அட்லாண்டிக் ஜெயண்ட்’ ரகத்தின் வழிவந்தவை. விதையின் பூர்வீகம், எருவின் அளவு என்று நுணுக்கமாகப் பேசுகிறவர்களில் பலர், தண்ணீர் என்று வந்ததும் ‘நிறைய விட வேண்டும்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். அதன்பின் தெளிப்பானா, சொட்டுநீரா, கையில் பிடித்து விடும் ரப்பர் குழாயா என்பதை வசதியும் வழக்கமும் தீர்மானிக்கின்றன. இது தலைகீழ் வரிசை. தண்ணீர் எங்கே போகிறது என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் பாசன முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், வேர் பரவிய நிலம் முழுவதும் வலைபோல் விரித்த சொட்டுநீர்க் குழாய்களே அடிப்படைப் பாசனமாக இருக்க வேண்டும். தெளிப்பான் அதற்குத் துணையாக மட்டும் வரலாம்.

கணக்கு எளியது. நன்றாக வளரும் ராட்சதப் பூசணி, அதன் உச்சக்கட்ட நாட்களில் ஒரே நாளில் 20 கிலோ வரை பருக்கும். காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், அன்றைக்குக் காய்க்குள் சேர்ந்தது 20 லிட்டருக்கும் குறைவு. அதே நேரம் ஒற்றைக் கொடி சுமார் 80 சதுர மீட்டர், அதாவது நம் அளவில் ஏறக்குறைய 2 சென்ட் நிலத்தை இலைகளால் மூடியிருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டர். கோடையில் வெயில் காயும் நாளில் இலைகள் வழியாகவும் மண்ணிலிருந்தும் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், அந்த ஒரு கொடியின் ஒரு நாள் செலவு 480 லிட்டர். காய்க்குப் போனது நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் இலைகளின் தேவை. நாம் நீர் பாய்ச்சுவது காய்க்கு என்று தோன்றினாலும், உண்மையில் பாய்ச்சுவது இலைக்குத்தான்.

இலைக்கு வேண்டியது கிடைத்துவிட்டால், அதற்குமேல் ஊற்றினால் காய் இன்னும் பருக்குமே என்று கேட்கலாம். பருக்காது. பருக்கும் காய்க்குள் தண்ணீர் பெரும்பாலும் நேரடியாக வேரிலிருந்து ஏறி வருவதில்லை. இலைகள் சமைத்த சர்க்கரையைச் சுமந்துவரும் புளோயம் குழாய்களின் சாறாகத்தான் வருகிறது. ஜெசிகா சாவேஜ் உள்ளிட்ட தாவரவியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, ராட்சத ரகங்களைச் சிறிய காய் தரும் அவற்றின் மூதாதை ரகத்தோடு ஒப்பிட்டது. ராட்சத ரகங்களின் இலைகள் கூடுதல் வேகத்தில் சர்க்கரை தயாரிக்கவில்லை. அவற்றின் இலைக்காம்பிலும் காய்க்காம்பிலும் புளோயம் திசு அதிகமாக இருந்தது. சர்க்கரை தயாராகும் அளவுக்குத்தான் அதனோடு தண்ணீரும் காய்க்குப் போகும் என்றால், பாசனத்தின் வேலை இலைகள் ஒரு நாள்கூடத் தாகத்தில் துளைகளை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. மண் நிரம்பி நிற்கும்படி ஊற்றினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. வேரழுகல் நோய்க்கும் அதுவே வழி. காயவிட்டுப் பிறகு திடீரென்று வெள்ளமாக விட்டால் காய் வெடிக்கும். உட்கூடு வரை விரிசல் விழுந்த காயைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். ஐந்து மாத உழைப்பு ஒரு கீறலில் போய்விடும்.

ஆகவே தேவைப்படுவது, சமமான ஈரம், நிலம் முழுவதும், நாள்தோறும். இதைச் சொட்டுநீர் தருவதுபோல் மற்ற முறைகள் தருவதில்லை. ஆனால் தக்காளி வரிசைக்குப் போடுவதுபோல் முதன்மைக் கொடியின் ஓரமாக ஒரே குழாயை ஓட்டிவிட்டு இது சொட்டுநீர் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. ராட்சதப் பூசணி வளர்ப்பவர்கள் கிளைக்கொடிகளின் கணுக்களை மண்ணால் மூடுகிறார்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்குகிறது. நட்ட இடத்தில் மட்டும் ஈரம் இருந்தால் அந்த நூற்றுக்கணக்கான வேர்கள் வீண். குழாய்களுக்கு இடையிலான தூரத்தை மண்தான் சொல்ல வேண்டும். மணற்பாங்கான மண்ணில் சொட்டும் நீர் நேரே கீழே இறங்கிவிடும் என்பதால் குழாய்கள் ஓரடி இடைவெளியில் நெருங்கி இருக்க வேண்டும்; களிமண்ணில் நீர் பக்கவாட்டில் பரவும், இரண்டடி போதும். கொடி ஓடத் தொடங்குவதற்கு முன்பே குழாய்களை விரித்துவிடுவது நல்லது. பிறகு உள்ளே கால் வைக்க இடம் இருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு, சாதனை படைத்த பலர் மேலிருந்து தெளிக்கிறார்களே என்பது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. தெளிப்பான் நிலப்பரப்பு முழுவதையும் நனைக்கும்; கொதிக்கும் மதியத்தில் சில நிமிடத் தூறல் இலைகளைக் குளிர்விக்கும். தெளித்தால் சாம்பல் நோய் வரும் என்ற பழியும் முழு உண்மை அல்ல; அந்தப் பூஞ்சைக்கு இலை நனைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அடிச்சாம்பல் நோய்க்கும் பாக்டீரியா இலைப்புள்ளிக்கும் ஈர இலை வேண்டும். மாலையில் தெளித்து இரவெல்லாம் நனைந்த இலைகள் அவற்றுக்கு வசதி. காற்று வீசினால் தூறல் வேறு பக்கம் போகும். குடைபோல் விரிந்த அகன்ற இலைகள் தண்ணீரைத் தடுத்துத் தள்ளுவதால், அவற்றின் கீழே ஓரிடம் சேறாகவும் அடுத்த இடம் புழுதியாகவும் கிடக்கும். எனவே தெளிப்பானுக்கு மதிய வேளையின் குளிர்விக்கும் பணியைக் கொடுக்கலாம்; வேருக்கு நீர் சேர்க்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. கீங்கர் நாளுக்கு 12 முறை வரை நீர் விட்டதாகச் செய்திகள் வந்தன. அதில் கவனிக்க வேண்டியது பாய்ச்சலின் பெருக்கம் அல்ல, பங்கீடு. சிறிது சிறிதாக, அடிக்கடி விடும் அந்த ஒழுங்கை நேரம் குறித்த வால்வு பொருத்திய சொட்டுநீர் அலுக்காமல் செய்யும்.

இன்னொரு மறுப்பு, கண்ணால் பார்த்துக் கையால் ஊற்றுபவருக்கு இணை எந்தக் கருவியும் இல்லை என்பது. அக்கறைக்கு இணை இல்லைதான். ஆனால் கண் பார்ப்பது மேல்மண்ணை மட்டும். பூசணி இலைகள் கடும் வெயிலில் மண் ஈரமாக இருக்கும்போதே தொங்கும். மாலையில் தானாக நிமிரும். அதைத் தாகம் என்று நினைத்து மதியம் ஊற்றுபவர் வேரை மூச்சடைக்க வைக்கிறார். காலையிலும் இலை தொங்கினால்தான் கவலை. ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்ப்பதோ ஈரமானியை நட்டுவைப்பதோ அனுமானத்தைவிட நம்பகமானது. சொட்டுவான் அடைத்துக்கொள்ளும் என்ற குறையும் மெய். வடிகட்டியும் வாரம் ஒருமுறை குழாய் முனையைத் திறந்து கழுவுவதும் அதற்கு மருந்து.

உண்ணாத ஒரு காய்க்காக நாளுக்கு 500 லிட்டரா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. கலிஃபோர்னியா போல அடிக்கடி வறட்சி காணும் மண்ணில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. என் பதில் இதுதான்: பசிக்காக அல்லாமல் பெருமைக்காக வளர்ப்பவருக்கு, வீணாகாமல் வளர்க்கும் கடமை கூடுதல். மேலே மூடாக்கும் கீழே சொட்டுநீரும் இருந்தால், தேவைப்படும் தண்ணீர் மட்டுமே செலவாகும். இந்தக் கணக்கு போட்டித் தோட்டத்தோடு நிற்பதும் அல்ல. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கின்றன. குழாயை மானியம் தந்துவிடும். எத்தனை நிமிடம் திறந்துவைப்பது என்பதைத் தராது. பரங்கிக் கொடியோ வாழையோ, மோட்டாரைப் போடுவதற்கு முன் இலை எவ்வளவு குடிக்கும், மண் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிடுபவர்தான் அந்தக் குழாயின் முழுப் பயனையும் பெறுவார்.