வாழும் ஊரில் வாக்கு

2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்தது ஏப்ரல் 19-ஆம் தேதி. தெலங்கானா வாக்களித்தது மே 13-ஆம் தேதி. ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களில் உழைக்கும் தமிழர்களில், பெயரைச் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே விட்டுவந்தவர்களின் நிலை என்ன? ஏப்ரல் 19 இங்கே வழக்கமான வேலை நாள். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்த் திரும்ப எல்லோருக்கும் வசதியில்லை. மே 13 விடுமுறை. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. ஒரு நாள் வழியில்லை, மறு நாள் வாக்கில்லை.

பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்களின் இந்தச் சிக்கலை ஐரோப்பா எவ்வாறு தீர்த்தது என்பது அறியத்தக்கது. 27 நாடுகளுக்குப் பொதுவான ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 720 உறுப்பினர்கள் உள்ளனர். 1979 ஜூன் முதல் மக்களே இவர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஜெர்மனிக்கு 96 இடங்கள். சின்னஞ்சிறு மால்ட்டாவுக்கு 6. ஆனால் அவையில் உறுப்பினர்கள் நாடு வாரியாக அமர்வதில்லை. கொள்கை வாரியாகவே அமர்கின்றனர். ஒவ்வொருவரும் தம் நாட்டின் ஆட்சிமொழியிலேயே பேசலாம். 24 மொழிகளில் மொழிபெயர்ப்பு உண்டு. வேலை தேடிப் பிரான்சுக்குச் சென்ற போலந்துக்காரர் அங்கிருந்தே இந்த நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். ஆனால் ஓரிடத்தில் மட்டுமே.

அங்கே சட்டம் அவசரத்தில் பிறப்பதில்லை. மசோதாவை முன்மொழியும் உரிமை ஐரோப்பிய ஆணையத்துக்கு உரியது. நாடாளுமன்றக் குழு அதைப் பரிசீலித்துத் திருத்தும். பின்னர் நாடாளுமன்றமும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அடங்கிய மன்றமும் ஒரே வாசகத்துக்கு இணங்கியாக வேண்டும். வேறு நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கு அந்த நாட்டுத் தொழிலாளிக்கு இணையான ஊதியம் வேண்டும் என்ற யோசனை 2016 மார்ச்சில் வந்தது. 11 நாடுகளின் சட்டமன்றங்கள் ஆட்சேபித்தன. மலிவான உழைப்பே தங்கள் பலம் எனக் கருதிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளே அவற்றில் மிகுதி. இரண்டாண்டு வாதங்களுக்குப் பின், 2018-இல் அது சட்டமாயிற்று.

இந்தியாவும் பல மொழியினருக்குப் பொதுவான நாடாளுமன்றத்தைக் கொண்ட நாடுதான். இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைத் தெரிவிக்க இயலாத உறுப்பினர் அவைத் தலைவரின் அனுமதியுடன் தாய்மொழியில் பேச அரசியல் சட்டத்தின் 120-ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஐரோப்பியர் முதல் நேரடித் தேர்தலைக் கண்ட அதே 1979-இல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தையும் இந்த நாடாளுமன்றம் தந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களுக்கு இடப்பெயர்ச்சிப் படியும் பயணப் படியும் அது வழங்கியது. தானாக வந்தவர்களை விட்டுவிட்டது.

அதற்கு மாற்றாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், மாதம் 18,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தானாக வந்தவரையும் சேர்த்துக்கொண்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இடப்பெயர்ச்சிப் படி மறைந்தது. வெளிமாநிலத்தார் 5 பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்த வரம்பு 10 ஆக உயர்ந்தது. முந்தைய மசோதாவை நிலைக்குழு ஆராய்ந்திருந்தது உண்மை. எனினும் திருத்தி எழுதப்பட்ட மசோதா செப்டம்பர் 19-இல் அறிமுகமாகி, 22-இல் மக்களவையிலும், 23-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. அப்போது எதிர்க்கட்சியினர் அவையைப் புறக்கணித்து வெளியே இருந்தனர். கோடிக்கணக்கான உழைப்பாளர்களைப் பற்றிய சட்டத்துக்கு இது போதிய விவாதம் ஆகாது.

வாக்கில்லாதவரின் குறை அவையில் ஒலிக்க வேண்டும் என்று எந்த உறுப்பினருக்கும் கட்டாயமில்லை. வழக்கமாக வசிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதியும் உரிமையை 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தருகிறது. ஐரோப்பியர் உடன்படிக்கை எழுதிப் பெற்ற உரிமை இங்கே முன்பே இருக்கிறது. குடிபெயர்ந்தவர் பெயரை மாற்றப் படிவம் 8 போதும். இரண்டு ஊர்களில் பெயர் வைத்துக்கொள்வது சட்டவிரோதம் என்பதையும் மறக்கலாகாது.

சொந்த ஊர்ப் பாசம் போற்றத்தக்கது. அதைப் பட்டியலில் கட்டிவைக்கத் தேவையில்லை. கூலியும் வாடகையும் குழந்தைகளின் பள்ளியும் எந்த ஊரிலோ, வாக்கும் அந்த ஊரில் இருப்பதே முறை. செகந்திராபாத், மல்காஜ்கிரித் தொகுதிகளில் வாழும் தமிழர்கள் அடுத்த தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ் அமைப்புகள் படிவங்களை நிரப்பித்தர முன்வர வேண்டும்.