லேபிளைச் சரிசெய்யுங்கள், காவலை அணைக்காதீர்கள்

சர்வர் வேலை பார்ப்பவர்களிடையே ஒரு யோசனை வெகு சுலபமாகக் கைமாறுகிறது: “எஸ்இலினக்ஸை ஆஃப் பண்ணிடுங்க, சரியாயிடும்.” ஒரு கல்லூரியின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் நான். இந்த யோசனையை யாரும் தரவும் கூடாது, ஏற்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எஸ்இலினக்ஸ் என்பது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி, 2000 டிசம்பரில் எல்லோருக்குமாக வெளியிட்ட பாதுகாப்பு ஏற்பாடு. 2003-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் 5.0 பதிப்பிலிருந்து முழுக் கட்டாயத்துடன் இயங்குகிறது. வழக்கமான முறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்பது அதன் உரிமையாளர் கையில் இருக்கிறது. அவசரத்தில் அவர் 777 என்று அனுமதி போட்டுவிட்டால் எல்லோருக்கும் திறந்துகொள்ளும். எஸ்இலினக்ஸோ ஒவ்வொரு கோப்புக்கும், இயங்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள் கொடுக்கிறது. எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று விதியில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிராவிட்டால், உரிமையாளர் அனுமதித்திருந்தாலும் கெர்னல் மறுத்துவிடும்.

இதன் அருமை பயனர்களின் ஹோம் டைரக்டரியில் தெரியும். ஆய்வு மாணவியின் ஆய்வேட்டு வரைவு, அவர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த மக்களின் பெயர், வயது, நோய் விவரம், சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சாதாரணக் கோப்புகளுக்கு ஒரு லேபிள், சாவிகளுக்குத் தனி லேபிள், இணையப் பக்கத்துக்கென வைத்த கோப்புகளுக்கு இன்னொன்று என்று விதி பிரித்து வைத்திருக்கிறது. வெப் சர்வரில் இருக்கும் ஓட்டை வழியாக ஒருவன் புகுந்தாலும், வழக்கமான அமைப்பில் அவனால் அந்த ஆய்வேட்டைத் திறக்க முடியாது. அதன் அனுமதி 777 ஆக இருந்தாலும் முடியாது.

பிறகு ஏன் அணைக்கச் சொல்கிறார்கள்? டிஸ்க் நிரம்பியதும் ஹோம் டைரக்டரிகளைப் புது டிஸ்கில், ‘டேட்டா’ என்ற இடத்துக்கு நகலெடுப்பார்கள். அடுத்த நாள் சாவி வைத்து யாரும் உள்ளே வர முடியாது. அனுமதிகளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். தவறு லேபிளில் இருக்கிறது. ஸ்லாஷ் ஹோம் என்ற பாதையை வைத்து எழுதிய விதிக்குப் புது இடம் தெரியாது. நகலெடுத்ததில் பழைய லேபிள்களும் தொலைந்துபோயிருக்கும். அது சாவிக் கோப்புதான் என்று எஸ்எஸ்எச் சேவைக்குத் தெரிய வழியில்லை. பெயர் ஒட்டாத ரத்த மாதிரியைப் பரிசோதனைக்கூடம் திருப்பி அனுப்பினால் நாம் பெயரை ஒட்டித்தான் கொடுப்போம். கூடத்தை மூடச் சொல்ல மாட்டோம்.

இதைத் தீர்க்க இரண்டே கட்டளைகள் போதும். ‘செமேனேஜ்’ கொண்டு புது இடத்தைப் பழைய ஹோமுக்கு இணையாக அறிவிக்க வேண்டும். பிறகு ‘ரெஸ்டோர்கான்’ ஓட்டினால் லேபிள்கள் சரியாகிவிடும். எந்தப் புரோகிராம், எந்தக் கோப்பு, எந்த லேபிள் என்பதெல்லாம் ஆடிட் லாகில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.

“இப்போதைக்கு அணைப்போம், அப்புறம் போட்டுக்கொள்ளலாம்” என்பதிலும் ஆபத்து இருக்கிறது. முழுவதும் அணைத்த பின் உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே கிடையாது. மறுபடி இயக்க வேண்டுமென்றால் டிஸ்க் முழுவதற்கும் லேபிள் போட வேண்டும். பெரிய சர்வரில் அதற்கு வெகுநேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஒதுக்க யாரும் முன்வருவதில்லை, தற்காலிகம் நிரந்தரமாகிவிடுகிறது. சோதித்துப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ‘பெர்மிசிவ்’ நிலை இருக்கிறது. அதையும் ஒரே ஒரு சேவைக்கு மட்டும் வைக்கலாம்.

எஸ்இலினக்ஸ் எல்லாவற்றையும் காக்கும் என்று நான் சொல்லவில்லை. பயனர் தாமே இயக்கும் புரோகிராம் அவருடைய கோப்புகளைத் தொடுவதை வழக்கமான அமைப்பு தடுக்காது. ஆனால் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். இருந்த காவலைத் தன் கையாலேயே அணைத்த நிறுவனம் அந்தச் சட்டத்தின் முன் என்ன பதில் சொல்லும்?

கல்லூரி முதல்வர்களும் அலுவலகத் தலைவர்களும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எஸ்இலினக்ஸை அணைக்கக் கூடாது. அணைக்கலாமா என்று கேட்டு வருபவரிடம் முதலில் ஆடிட் லாகைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு வருபவர் பெரும்பாலும் அந்த ஒப்புதலைக் கேட்க மாட்டார்.