வெள்ளச் சேதக் கணக்கும் கைப்பேசியும்

2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயல் மழையில், சென்னையின் வடபாகத்துப் புளியந்தோப்பு வீதிகளில் நீர் பல நாள் தேங்கி நின்றது. சர்க்கார் அளித்த ரூ. 6,000 நிவாரணம், குடும்ப அட்டையைக் கொண்டு நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்டது. அட்டையில்லாதோரும் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. துரிதத்திற்கு அம்முறை ஏற்றதே. ஆயினும் சாமான்களை வெள்ளத்திற்குக் கொடுத்த கீழ்வீட்டாருக்கும், கால் நனையாத மேல்மாடியாருக்கும் தொகை ஒன்றே. 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தின்போது வீடுவீடாய்க் கணக்கெடுத்துக் குடிசைக்கு ரூ. 10,000-மும் நீர் புகுந்த மற்ற வீடுகளுக்கு ரூ. 5,000-மும் அளிக்கப்பட்டதிலோ, பெயர் விடுபட்டோரின் முறையீடே பெரிதாயிற்று.

பட்டணத்து விஷயம் பயிரிடுவோர்க்கு எதற்கென்று கேட்கலாம். பட்டணத்தில் கணக்கெடுக்காமலும் நிவாரணம் கொடுத்துவிடலாம். வயலுக்கு அது இயலாது. 2023-இல் நெற்பயிருக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு அறிவிக்கப்பட்ட ரூ. 17,000, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான வயலுக்கே உரியது. சேதம் முப்பதா முப்பத்தைந்தா என்பதைப் பார்வையிடுவோரின் குறிப்பே நிர்ணயிக்கின்றது. நீர் வடிந்து பயிர் மக்கியபின் எழுதும் குறிப்பை யார்தான் சரிபார்ப்பது?

பிற தேசங்களில் துயர் துடைக்கும் ஸ்தாபனங்கள் இவ்வேலைக்குக் காகிதத்தை விட்டுக் கைப்பேசியைக் கைக்கொண்டு வெகுகாலமாயிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலையில் தோன்றிய ‘ஓப்பன் டேட்டா கிட்’, ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்தோர் வளர்த்த ‘கோபோ டூல்பாக்ஸ்’ என்னும் சாதனங்கள் தொடர்பற்ற இடத்திலும் விடைகளைப் பதிந்து வைத்து, தொடர்பு கிடைத்தபின் அனுப்புவன. இடம், நேரம், புகைப்படம் ஆகியவற்றையும் உடன் சேர்க்கலாம். சாவடியில் அமர்ந்தபடி எழுதிய வயற்கணக்கு இதில் வெளிப்பட்டுவிடும். இந்த ஒன்றுக்காகவே இதை வெறுப்போரும் இருக்கக்கூடும்.

ஆனால் கைப்பேசி அறியாதது ஒன்றுண்டு. அது உழுதவன் யார் என்பது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் கைப்பேசி வழிப் பயிர்க்கணக்கிற்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் அனுப்பப்பட்டனர். வரப்பும் வாய்க்காலும் அறிந்த கிராம உத்தியோகஸ்தர் செய்யவேண்டிய வேலையை வெளியூர் மாணவர் செய்தால், புல எண் சரியாயிருக்கலாம். குத்தகை விவரம் எவ்வாறு தெரியும்? பட்டாதார் பெயருக்கு மாத்திரம் இடமுள்ள படிவத்தில், வாய்மொழிக் குத்தகைக்காரனின் நஷ்டமும் பட்டாதாருக்கே ஏறும். காகிதமாயின் ஓரத்தில் ஒரு வரி எழுதலாம். கைப்பேசியில் ஓரமில்லை.

ஆகையால் உழுபவர் பெயருக்குப் படிவத்தில் தனியிடம் வேண்டும். பதிந்ததை அனுப்புமுன் வயலிலேயே படித்துக் காட்டி, ஜாபிதாவின் நகலைச் சாவடியில் ஒட்டி, ஒரு வாரம் ஆட்சேபம் கேட்டல் அவசியம். பார்வையிடும் நாளில் நிலமுடையோர் வயலில் இருப்பதுடன், குத்தகைக்காரரையும் உடனழைத்து வருவாராக.